மலைப்பாம்பின் நுரையீரலில் வந்தவர் யார்?

2017 ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் இருவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பாம்பு பிடிக்கக் காட்டுக்குள் இறங்கினார்கள். ஒருவர் வடிவேல் கோபால், மற்றவர் மாசி சடையன். இருவரும் இருளர்கள். பாம்பு பிடிப்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த கலை. புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகிவிட்டன, தேடிப் பிடித்துத் தர முடியுமா என்று அந்த மாநிலத்தின் பல்கலைக்கழகமும் வனவிலங்குத் துறையும் சேர்ந்து அழைத்திருந்தன.

அங்குள்ள வேட்டைக்காரர்கள் வழக்கமாக வண்டியில் ஏறிக் கரைச்சாலைகளின் ஓரமாகவே போவார்கள். பாம்பு வெளியே வந்து படுத்திருந்தால்தான் கண்ணில் படும். நம்மவர்கள் நேராகப் புதருக்குள் நுழைந்தார்கள். எச்சம் கிடக்கிறதா, உரித்த சட்டை கிடக்கிறதா, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே 13 மலைப்பாம்புகள் சிக்கின. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஒரு பழைய ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

இவ்வளவு கெட்டிக்காரர்களாலும் பிடிக்க முடியாத ஒன்று அந்தப் பாம்புகளோடு புளோரிடாவுக்குள் ஏற்கெனவே நுழைந்திருந்தது. அது பாம்பின் நுரையீரலுக்குள் இருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மலைப்பாம்பு எப்படி அங்கே போனது?

பர்மிய மலைப்பாம்பின் சொந்த ஊர் ஆசியா. நம் வடகிழக்கு மாநிலங்களில் தொடங்கி மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென் சீனம் வரை வாழ்கிறது. நம் ஊர்க் காடுகளில் இருக்கும் இந்திய மலைப்பாம்புக்கு நெருங்கிய சொந்தம். அது கடலை நீந்திக் கடந்து அமெரிக்காவுக்குப் போகவில்லை. விலை கொடுத்து வாங்கித்தான் கொண்டுபோனார்கள்.

அமெரிக்காவில் பாம்பு, பல்லி, ஆமை வளர்ப்பது பெரிய வியாபாரம். 1996 முதல் 2006 வரையிலான பத்து ஆண்டுகளில் மட்டும் சுமார் 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அந்த நாட்டுக்குள் இறக்குமதியாயின. கடையில் வாங்கும்போது குட்டி இரண்டடிகூட இருக்காது. பார்க்க அழகாகவும் இருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் அதே பாம்பு பத்தடி தாண்டிவிடும். எலி கேட்டது போய் முயல் கேட்கும். கூண்டு போதாது, வீடு போதாது. கடைசியில் ஒரு நாள் இரவோடு இரவாகக் காரில் கொண்டுபோய்ச் சதுப்புநிலத்தில் விட்டுவிடுவார்கள். "பாவம், காட்டில் சுதந்திரமாக வாழட்டும்" என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். 1992 ஆகஸ்டில் வீசிய ஆண்ட்ரூ புயல் பாம்புப் பண்ணை ஒன்றையும் நொறுக்கியது என்றும், அங்கிருந்து தப்பியவையும் இதில் சேர்ந்தன என்றும் சொல்கிறார்கள்.

தென் புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் என்று பிரம்மாண்டமான சதுப்புநிலம் இருக்கிறது. வெயில், தண்ணீர், புல், பறவை, முயல் என்று மலைப்பாம்புக்கு வேண்டியது எல்லாமே அங்கே உண்டு. 2000ஆம் ஆண்டு வாக்கில் அவை அங்கே முட்டையிட்டுப் பெருகுவது உறுதியானது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பூங்காச் சாலைகளில் இரவில் தென்படும் விலங்குகளின் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட்டது. ரக்கூன்கள் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. முயல்கள் கண்ணிலேயே படவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் பர்மிய மலைப்பாம்பு இறக்குமதிக்கு அமெரிக்க அரசு தடை போட்டது. தாமதம்தான். விற்றவர்கள் விற்று முடித்த பிறகு வந்த தடை.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. மலைப்பாம்பு பெரிய விலங்கு. படம் எடுக்கலாம், டி.வி.யில் காட்டலாம். அதனால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புழு மாதிரி இருக்கும், புழு இல்லை

மலைப்பாம்பின் நுரையீரலைத் திறந்தால் சில சமயம் உள்ளே வெளிறிய நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தடித்த சேமியா இழை போல இருக்கும். பெண் சில சென்டிமீட்டர் நீளம் வளரும். ஆண் அதைவிடச் சிறியது. உடம்பு முழுக்க வளையம் வளையமாக வரிகள். கால் கிடையாது, கண் கிடையாது. ஒரு முனையில் சின்ன வாய். வாயைச் சுற்றி நான்கு கொக்கிகள். நுரையீரலின் சுவரில் அந்தக் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, அங்கேயே இருந்து இரத்தத்தைக் குடிக்கும்.

இதன் அறிவியல் பெயர் ரெய்லியட்டியல்லா ஓரியன்டாலிஸ். ஆசியப் பாம்புகளின் நுரையீரலில் வாழும் ஒட்டுண்ணி. இதன் கூட்டத்தை நாக்குப்புழுக்கள் என்பார்கள்.

பெயரில்தான் புழு. மண்புழுவுக்கும் இதற்கும் சொந்தமே இல்லை. நாடாப்புழு, கொக்கிப்புழு வகையும் இல்லை. இது நண்டு, இறால் வம்சம்! நம்புவது கடினம்தான். உயிரியலாளர்களும் நெடுங்காலம் இதை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். இதன் விந்தணுவின் நுண்ணமைப்பைப் பார்த்தபோது ஒரு துப்பு கிடைத்தது. பிறகு மரபணுக்களை ஒப்பிட்டபோது உறுதியானது. இதன் மிக நெருங்கிய உறவினர் மீன் பேன். கெண்டை வளர்க்கும் குளங்களில் மீனின் மேல் வட்டமாக ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்குமே, அதுதான். ஒரே வம்சத்தில் பிறந்த ஒன்று மீனின் தோலில் வாழ்கிறது, மற்றது பாம்பின் நுரையீரலுக்குள் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்து குடிக்கும் வாழ்க்கைக்குக் காலும் கண்ணும் எதற்கு? காலப்போக்கில் அவை போய்விட்டன. ஆனால் முட்டைக்குள் இருக்கும் இளம் உயிரைப் பார்த்தால் குட்டையாக நான்கு கால்கள் இருக்கும்.

இந்தக் கூட்டம் எவ்வளவு பழையது? இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த 42.5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவம் ஒன்றில், நாக்குப்புழு இனத்தைச் சேர்ந்த உயிர் ஒரு சின்னஞ்சிறு கடல் ஓட்டுயிரின் மேல் ஒட்டியபடியே கல்லாகியிருக்கிறது. அப்போது உலகத்தில் பாம்பு கிடையாது. தரையில் நடக்கும் முதுகெலும்பு விலங்கே கிடையாது.

மூன்று வயிறுகள் வழியாக ஒரு பயணம்

நுரையீரலுக்குள் பூட்டிக்கிடக்கும் ஒன்று அடுத்த பாம்புக்கு எப்படிப் போகும்?

பெண் ஒட்டுண்ணி நுரையீரலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. முட்டைகள் சளியோடு சேர்ந்து மூச்சுக்குழாய் வழியாகப் பாம்பின் வாய்க்கு ஏறி வருகின்றன. பாம்பு அதை விழுங்கிவிடும். முட்டைகள் குடல் முழுக்கப் பயணம் செய்து எச்சத்தோடு வெளியே வந்து விழும்.

எச்சத்தைத் தின்ன யார் வருவார்? கரப்பான் பூச்சி. மண்ணுக்குள் வளை பறித்து வாழும் கரப்பான் வகை ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, முட்டையைத் தின்ற கரப்பானின் உடலுக்குள் இளம் உயிர் வெளிவந்து தங்குவதைக் கண்டார்கள். கரப்பானைத் தவளையோ தேரையோ பல்லியோ பிடித்துத் தின்னும். இளம் உயிர் இப்போது தவளையின் உடலுக்குள். அங்கே முழு வளர்ச்சி அடையாது. காத்திருக்கும். அந்தத் தவளையை ஒரு பாம்பு விழுங்கினால் காத்திருப்பு முடிந்தது. பாம்பின் குடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, நுரையீரலைத் தேடிப் போய், கொக்கியை மாட்டிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சுற்று தொடர மலைப்பாம்புதான் வேண்டும் என்று இல்லை. தவளை தின்னும் எந்தப் பாம்பு கிடைத்தாலும் போதும். புளோரிடாவில் தவளை தின்னும் பாம்புகளுக்குப் பஞ்சமா?

2018இல் வெளியான ஓர் ஆய்வு அதைத்தான் காட்டியது. பல ஆண்டுகளாகச் சேகரித்த மலைப்பாம்புகளையும் உள்ளூர்ப் பாம்புகளையும் அறுத்துப் பார்த்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த நாக்குப்புழு, அமெரிக்கப் பாம்புகளின் நுரையீரலுக்குள் குடியேறியிருந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. மலைப்பாம்புக்குள் வளர்ந்ததைவிட உள்ளூர்ப் பாம்புகளுக்குள் அது நீளமாக வளர்ந்திருந்தது.

காரணம் இருக்கிறது. ஆசியப் பாம்புகளும் இந்த ஒட்டுண்ணியும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வந்தவை. பாம்பின் உடலுக்கு அதைக் கட்டுக்குள் வைத்திருக்கத் தெரியும். ஒட்டுண்ணிக்கும் பாம்பைக் கொல்லாமல் குடிப்பதுதான் லாபம். வீடு இடிந்தால் குடியிருப்பவருக்கும் ஆபத்துதானே. அமெரிக்கப் பாம்புகள் இந்த எதிரியை அதற்கு முன் சந்தித்ததே இல்லை. அவற்றின் உடலுக்கு அதை எதிர்க்கத் தெரியவில்லை.

அளவிலும் வித்தியாசம் இருக்கிறது. மலைப்பாம்புக்கு இரண்டு நுரையீரல்கள். பெரும்பாலான மற்றப் பாம்புகளுக்கு வேலை செய்வது ஒன்றுதான். இடது நுரையீரல் சுருங்கிப் பெயருக்கு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பதினைந்து அடிப் பாம்பின் இரண்டு நுரையீரல்களில் பத்து ஒட்டுண்ணிகள் இருப்பதும், ஒன்றரை அடிப் பாம்பின் ஒற்றை நுரையீரலில் அதே பத்து இருப்பதும் ஒன்றாகுமா?

குள்ள விரியனுக்கு நேர்ந்தது

அந்த ஒன்றரை அடிப் பாம்பு கற்பனை இல்லை. குள்ளக் கிலுகிலுப்பை விரியன் என்று ஒரு பாம்பு புளோரிடாவில் உண்டு. வால் நுனியில் கிலுகிலுப்பை இருக்கும். ஆனால் அது ஆட்டும் சத்தம் ஒரு பூச்சி ரீங்காரத்துக்கு மேல் கேட்காது. சருகுக்குள் சுருண்டு படுத்து, தவளையும் சிறு பல்லியும் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். உணவுப் பட்டியலைப் பார்த்தீர்களா? தவளை, பல்லி. நாக்குப்புழு காத்திருக்கும் அதே இடம்.

மத்திய புளோரிடாவில் ஸ்டெட்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரன்ஸ் ஃபாரெல் 1990களிலிருந்து இந்தப் பாம்புகளைக் கவனித்து வருகிறார். 2018இல் அங்கே குள்ள விரியன்கள் செத்துக் கிடந்தன. உடம்பில் காயம் இல்லை. நுரையீரலுக்குள் நாக்குப்புழுக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. பாம்பு இறந்ததும் சில சமயம் அவை வாய் வழியாக வெளியே ஊர்ந்து வருவதும் உண்டு. நமக்கு இருப்பது போல மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை பாம்புக்குக் கிடையாது. அதனால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொண்டதை நம்மைப் போல ஓங்கி இருமித் தள்ள அதற்கு வழியில்லை.

ஆய்வாளர்களைத் திடுக்கிட வைத்தது இடம். மலைப்பாம்புகள் பெருகியிருந்த தென் புளோரிடாவிலிருந்து அந்தக் காடு நூறு மைலுக்கும் மேல் வடக்கே இருக்கிறது. மலைப்பாம்பு வரவே இல்லை. அதன் ஒட்டுண்ணி மட்டும் வந்துவிட்டது! குளிர் அதிகமாக இருக்கும் வடக்கே மலைப்பாம்பால் வேகமாகப் பரவ முடியாது. ஒட்டுண்ணிக்கு அந்தத் தடை இல்லை. உள்ளூர்ப் பாம்பு, உள்ளூர்க் கரப்பான், உள்ளூர்த் தவளை என்று மாறி மாறி ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. மலைப்பாம்புகள் அத்தனையையும் நாளைக்கே பிடித்துவிட்டாலும் இனி இந்த ஒட்டுண்ணி நிற்காது.

"பாம்புதானே, செத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். வயல் வைத்திருக்கும் எந்தப் பெரியவரிடமாவது கேட்டுப் பாருங்கள், எலியைக் குறைப்பது யார் என்று சொல்லுவார். குள்ள விரியனும் பருந்துக்கும் சிறு வேட்டை விலங்குகளுக்கும் இரை. ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு மேலும் கீழும் இருப்பவை தடுமாறும்.

இன்னொரு பக்கம், "அப்படியானால் ஒட்டுண்ணிகளையே ஒழித்துவிடலாமே" என்றும் தோன்றலாம். அது சரியில்லை. ஆசியாவில் அதே நாக்குப்புழு காட்டின் ஓர் அங்கம். யாரும் அதைத் திட்டுவதில்லை. அதை ஊர் மாற்றியது மனிதர்கள்தான்.

எதிர்த்திசையில் ஓடும் வியாபாரம்

புளோரிடாவுக்கு வந்த வெளியூர் விலங்கு மலைப்பாம்பு மட்டும் இல்லை. 1863 முதல் 2010 வரை அங்கே வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஊர்வன, இருவாழ்விகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது 137 வகைகள் தேறின. அவற்றில் 56 வகைகள் அங்கேயே பெருகி நிலைத்துவிட்டன. இவற்றில் பெரும்பாலானவை செல்லப்பிராணி வியாபாரத்தின் வழியே வந்தவை. பழைய காலத்தில் கப்பல் சரக்கோடு வந்தவையும் உண்டு.

இப்படி வந்து பெருகிய பல்லிகளையும் தவளைகளையும் பிடித்து விற்பதும் இப்போது புளோரிடாவில் ஒரு தொழில். சில செல்லப்பிராணியாக மற்ற மாநிலங்களுக்குப் போகின்றன. சில, வளர்ப்புப் பாம்புகளுக்குத் தீனியாகவே போகின்றன. அந்தப் பல்லிக்குள் இளம் நாக்குப்புழு இருந்தால்? பாம்பு வழியாக உள்ளே வந்தது, பல்லி வழியாகப் பெட்டியில் ஏறி வெளியே போகும். கியூபாவிலிருந்து வந்த மரத்தவளை இன்னும் சுலபம். நர்சரிப் பூந்தொட்டியின் இலை மடிப்பில் உட்கார்ந்தபடியே லாரியில் ஊர் ஊராகப் போய்விடும்.

நம் வீட்டுப் பல்லிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விளக்கடியில் பூச்சி பிடித்துக்கொண்டு, நடுநடுவே சத்தம் போட்டுப் பெரியவர்களைப் பலன் பார்க்க வைக்குமே, அந்த ஆசிய வீட்டுப்பல்லி கப்பல் சரக்கோடு வடக்கு ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டது. அதன் நுரையீரலிலும் ஒரு நாக்குப்புழு, வேறு வகை. டார்வின் நகரத்துப் பக்கம் அது கரும்புத் தேரைகளுக்கும் தொற்றிவிட்டது. கரும்புத் தேரையும் ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிள்ளை இல்லை. கரும்பைத் தாக்கும் வண்டுகளைத் தின்னட்டும் என்று 1935இல் ஹவாயிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஆசியப் பல்லியின் ஒட்டுண்ணி, தென் அமெரிக்கத் தேரையின் நுரையீரலில், ஆஸ்திரேலிய மண்ணில்!

ஆமையின் தோல்மடிப்பில் உண்ணி

உள்ளே ஒளிந்து வருபவை போதாது என்று வெளியே ஒட்டிக்கொண்டு வருபவையும் உண்டு. மாட்டின் காது மடலிலும் நாயின் கழுத்திலும் உண்ணி பார்த்திருப்பீர்கள். ஆமைக்கும் பாம்புக்கும்கூட உண்ணி உண்டு. ஆமையின் தொடையும் ஓடும் சேரும் இடத்தில், சுருக்கமான தோலின் மடிப்புக்குள் புகுந்து கடித்துப் பிடித்துக்கொள்ளும். பாம்பில் செதிலுக்கு அடியில் தட்டையாக ஒட்டியிருக்கும். இரத்தம் குடித்து உப்பினால்தான் தெரியும்.

ஆப்பிரிக்காவிலிருந்து சிறுத்தை ஆமை என்று ஓர் அழகான ஆமையை அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1990களின் கடைசியில் புளோரிடாவில் அவற்றைச் சோதித்தபோது ஆப்பிரிக்க உண்ணிகள் ஒட்டியிருந்தன. ஓர் ஊர்வனப் பண்ணையில் அந்த உண்ணி முட்டையிட்டுக் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. அடுத்து நடந்ததுதான் அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு சரக்கில் வந்த உண்ணிகளுக்குள் ஒரு பாக்டீரியா இருந்தது. ஆமைக்கு அது எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதே உண்ணி மாட்டையோ ஆட்டையோ மானையோ கடித்தால் வேறு கதை. காய்ச்சல் வரும், இதயத்தைச் சுற்றியுள்ள பையில் நீர் கோத்துக்கொள்ளும், விலங்கு செத்துப்போகும். ஆப்பிரிக்காவில் கால்நடை வளர்ப்பவர்களுக்கு இந்த நோய் என்றாலே நடுக்கம்.

ஒருவர் ஆசைக்கு வாங்கிய ஆமையால் நாட்டின் மாட்டுப் பண்ணைகளுக்கே ஆபத்து. 2000ஆம் ஆண்டில் சிறுத்தை ஆமை உள்பட மூன்று வகை ஆப்பிரிக்க ஆமைகளின் இறக்குமதியை அமெரிக்க வேளாண் துறை நிறுத்தியது. இந்த முறை சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். பணம் நஷ்டமாகும் என்றால் அரசுகள் வேகமாக ஓடும். குள்ள விரியனுக்காக அப்படி யாரும் ஓடியதாகத் தெரியவில்லை.

நம் ஊர்க் கண்ணாடித் தொட்டி

மீன் விற்கும் கடைகளில் உள்ளங்கையை விடச் சிறிய பச்சை ஆமைக்குட்டி இருக்குமே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை போட்டது? அது சிவப்புக்காது ஆமை. பார்த்ததும் வாங்கச் சொல்லும் முகம் அதற்கு. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகும், இருபது முப்பது ஆண்டுகள் வாழும். கடைக்காரர் இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் இதை வாங்கினார்கள். பெரிதானதும் குளத்திலும் ஆற்றிலும் விட்டார்கள். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது. அதற்குள் ஆமைகள் பரவிவிட்டன. பின்னாளில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் உள்ளூர்க் குளத்தாமைகளைச் சோதித்தபோது, வட அமெரிக்க ஆமைகளுக்கே உரிய தட்டைப்புழுக்கள் அவற்றின் உடலில் இருந்தன. ஒரு வகை, ஆமையின் இரத்தக்குழாய்க்குள் வாழ்வது.

தமிழ்நாட்டிலும் குளங்கள் இருக்கின்றன, குளத்தாமைகள் இருக்கின்றன. நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பைகளுக்குள் பாம்பும் பல்லியும் ஆமையும் இருந்ததாகச் செய்தி அடிக்கடி வருகிறது. முறைப்படி கொண்டுவரும் விலங்குக்குச் சான்றிதழ் கேட்பார்கள். தனிமையில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் அதற்கென்றே மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. காலுறைக்குள் சுருட்டித் துணிப்பையில் ஒளித்துக் கொண்டுவரும் குட்டிப் பாம்பை யார் சோதிப்பது? அதன் நுரையீரலில் என்ன, செதிலுக்கு அடியில் என்ன என்று கொண்டுவருபவருக்கே தெரியாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்தின்படி, காட்டுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தில் இடம்பெற்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது எப்போதோ குற்றமாகிவிட்டது.

பயந்து ஓட வேண்டியதில்லை. ஆமையைத் தொட்டால், தொட்டித் தண்ணீரில் கைவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சால்மொனெல்லா கிருமி ஆமைகளிடம் சாதாரணமாக இருக்கும். பிறந்தநாளுக்கு ஆமைக்குட்டி வேண்டும் என்று தம்பியோ தங்கையோ அடம்பிடித்தால், அது எவ்வளவு பெரிதாகும், எத்தனை ஆண்டு வாழும் என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அதிலேயே மனம் மாறிவிடுவார்கள்.

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஏற்கெனவே சிவப்புக்காது ஆமை இருந்தால், அலுத்துப்போயிற்று என்று அதை ஏரியிலோ கிணற்றிலோ கோயில் தெப்பக்குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் பெரியவர்களிடம் சொல்லி, உங்கள் மாவட்ட வன அலுவலகத்தைக் கேளுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள்.